எண் தராசு: இன்னொரு பயிற்சிப் புத்தகம் வாங்கும் முன் இதை வாங்குங்கள்

மூன்றாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டு வரை படிக்கிற பிள்ளைகளுக்குக் கோலாலம்பூர் செந்தூலில் வீட்டிலேயே கணித டியூஷன் எடுக்கிறேன். கட்டம் போட்ட கணக்கு, அதாவது தெரியாத எண்ணைக் கண்டுபிடிக்கிற கணக்கு என்றாலே தடுமாறுகிற பிள்ளைகளுக்காக வாங்கியதுதான் இந்த எண் தராசு. கடையில் மேத் பேலன்ஸ் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இணையத்தில் ஷாப்பியிலும் லசாடாவிலும்கூட இருக்கிறது. நான் பார்த்தவரை ஐம்பது ரிங்கிட்டுக்குள் வாங்கிவிடலாம். நேராகவே சொல்லிவிடுகிறேன், வாங்குங்கள். ஆனால் எல்லாம் ஒரே தரம் இல்லை, இதனால் ஆகாத வேலையும் இருக்கிறது.

பொருள் ரொம்ப எளிமையானது. ஒரு தண்டு, அதன் மேல் நடுவில் தாங்கி நிற்கிற பிளாஸ்டிக் சட்டம். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 1 முதல் 10 வரை எண் போட்ட முளைகள். மாட்டுவதற்கு ஒரே அளவில் சின்னச் சின்ன எடைகள், என்னுடைய பெட்டியில் 20 இருந்தன, ஒவ்வொன்றும் 10 கிராம். எடை நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக அதன் இழுவை கூடும், அவ்வளவுதான் இதன் சூட்சுமம். 6இல் மாட்டிய எடை 3இல் மாட்டியதைவிட இரண்டு மடங்கு இழுக்கும். அதனால் இடது பக்கம் 7இல் ஒன்று, வலது பக்கம் 3இலும் 4இலும் ஒவ்வொன்று மாட்டினால் சட்டம் நேராக நிற்கும். பேட்டரி கிடையாது, விடைப் பக்கம் கிடையாது.

இது ஏன் தேவை என்று கேட்டால், 8 + 4 = □ + 5 என்று எழுதி உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் முதல் நாள் யோசிக்காமல் 12 என்று எழுதுவார்கள், சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். நம் பிள்ளைகள் மட்டும் இப்படி இல்லை. 1999இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் இதே கேள்வியை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் கொடுத்தார்கள், அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றுதான் எழுதினார்கள். கூட்டத் தெரியாமல் இல்லை. முதலாம் ஆண்டிலிருந்து 8 + 4 = என்று போட்டு முடிவில் ஒரு கோடு இழுத்தே பழக்கிவிட்டோம், அதனால் சமக்குறியைப் பார்த்ததும் "இங்கே பதில் எழுது" என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. நிறையப் பயிற்சிப் புத்தகங்களும் இதையேதான் செய்கின்றன, கட்டம் எப்போதும் கடைசியில். 14 = □ + 5 என்று ஒரு கணக்குகூட இல்லாத புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் போட வைப்பதில் என்ன பயன்?

நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி இதே கணக்குக்கு 12 என்றுதான் எழுதினாள். நான் தப்பு என்று சொல்லவில்லை. இடது பக்கம் 8, 4, வலது பக்கம் 5 மாட்டிவிட்டு, "சரிம்மா, இப்ப உன்னோட 12ஐ மாட்டு" என்றேன். தேடினாள், 12 என்று முளையே இல்லை, அவளாகவே 10இலும் 2இலும் மாட்டினாள். வலது பக்கம் டக்கென்று இறங்கியது. கொஞ்ச நேரம் சட்டத்தையே பார்த்தாள். 10ஐக் கழற்றினாள், இடது பக்கம் சாய்ந்தது. 2ஐ நகர்த்தி 6க்குக் கொண்டுபோனாள், இன்னும் கொஞ்சம் சாய்வு, 7இல் நேராக நின்றது. "டீச்சர், அப்ப இந்தப் பக்கம் மொத்தமும் சேர்த்தாதான் 12ஆ?" என்று கேட்டாள். நான் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தாலும் அந்தக் கேள்வி அவள் வாயிலிருந்து வந்திருக்காது. எனக்கு இந்தச் சாமான் பிடித்துப்போனதற்குக் காரணமே இதுதான், சரியா தப்பா என்று சொல்ல ஆசிரியர் தேவையில்லை, பிள்ளை நம் முகத்தைப் பார்த்து விடை தேடுவது நின்றுவிடுகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். "தராசு மாதிரி இரண்டு பக்கமும் சமமா இருக்கணும்" என்று வாயால் விளக்குகிறோம், ஆனால் கோலாலம்பூரில் வளர்கிற பிள்ளைகள் இரண்டு தட்டுத் தராசை எங்கே பார்த்திருக்கிறார்கள்? சந்தையிலும் பேரங்காடியிலும் அவர்கள் பார்ப்பதெல்லாம் எண் காட்டுகிற மின்தராசுதான். பார்க்காத பொருளை உவமையாகச் சொன்னால் எப்படிப் புரியும்.

பெருக்கலுக்கும் அருமையாக வேலை செய்கிறது. 3 × □ = 18 என்றால் ஒரு பக்கம் 10, 8 மாட்டி, மறுபக்கம் மூன்று எடைகளையும் ஒரே முளையில் மாட்டி நேராக்கச் சொல்லுங்கள், 6இல் வந்து நிற்கும். □ × 4 = 20 என்றால் இரண்டு எடைகளை 10இல் மாட்டிவிட்டு, 4இல் எத்தனை எடை மாட்டினால் சமமாகும் என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு கேள்வி என்பது கையிலேயே தெரியும்.

கழித்தலில்தான் சிக்கல். எடையை மாட்டலாம், "மாட்டாமல் இருப்பதை" மாட்ட முடியாதே. 9 − □ = 4 என்றால் ஒரு பக்கம் 9, எதிர்ப்பக்கம் 4, இன்னும் எதை மாட்டினால் நேராகும் என்றுதான் கேட்க வேண்டும், அதாவது கணக்கு 4 + □ = 9 ஆகிவிடுகிறது. கழித்தலுக்கும் கூட்டலுக்கும் உள்ள உறவு பிடிபட்ட பிள்ளைக்கு இது நல்ல பயிற்சி, பிடிபடாத பிள்ளை குழம்பும். அதற்கு முதலில் பொருள்களை வைத்து எடுத்துக் காட்டிவிட்டு அப்புறம் இதற்கு வாருங்கள். பின்னம், தசமத்துக்கும் இது ஆகாது.

பெரிய எண்ணுக்கும் ஆகாது. மூன்றாம் ஆண்டில் 10 000 வரை, நான்காம் ஆண்டில் 100 000 வரை போகிறது பாடம். 2 345 + □ = 5 000 என்பதை எந்தச் சட்டத்தில் மாட்டுவது? அதனால் சின்ன எண்களில் பழகியதும் தராசை எடுத்து வைத்துவிட்டு நோட்டில் ஒரு சட்டம் வரையச் சொல்கிறேன், இரண்டு பக்கத்திலிருந்தும் 2 345ஐ எடு, மிச்சம் என்ன என்று. இந்த இடத்தில் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: "கூட்டல் அந்தப் பக்கம் போனால் கழித்தலாகிவிடும்" என்கிற குறுக்குவழியை ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். எந்த எண்ணும் எங்கேயும் போவதில்லை, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே அளவை எடுக்கிறோம். அது தெரியாமல் குறியை மட்டும் மாற்றிப் பழகிய பிள்ளை 20 − □ = 8க்கு 28 என்று எழுதுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன், அந்தப் பழக்கத்தைக் கழற்றுவது புதிதாகச் சொல்லிக் கொடுப்பதைவிடக் கஷ்டம்.

டிஎல்பி என்கிற இருமொழித் திட்டத்தில் கணிதத்தை ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்கும் தமிழில் படிக்கிறவர்களுக்கும் இதே தராசுதான், மொழி குறுக்கே வருவதில்லை.

வாங்கும்போது கவனியுங்கள். நான் வாங்கிய முதல் பெட்டி விலை மலிவு, சட்டம் லேசாக வளைந்திருந்தது, 10க்கு எதிரே 6, 4 மாட்டினால் நேராகவே நிற்காது. சரியான விடை மாட்டிய பிள்ளைக்குத் தப்பு என்று காட்டுகிற தராசு இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல், விற்றவரிடமே திருப்பி அனுப்பினேன். கடையில் வாங்கினால் அங்கேயே 10 எதிரே 10, 10 எதிரே 9, 1, அப்புறம் 10 எதிரே 6, 4 என்று மாட்டிப் பார்த்துவிடுங்கள். வெறும் சட்டத்தை நேராக்கச் சின்னதாக ஒரு நகர்த்துகிற துண்டு இருக்கிற மாதிரியாகப் பார்த்து எடுங்கள். வீட்டில் மின்விசிறியை நிறுத்த வேண்டும், காற்றுக்குச் சட்டம் ஆடிக்கொண்டே இருக்கும், நம் ஊர் வெயிலில் இது உண்மையிலேயே தொல்லை. நான் விசிறிக் காற்று படாத மூலையில் ஒரு சின்ன மேசை போட்டிருக்கிறேன்.

காசு செலவழிக்க முடியாதவர்கள் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) இணையத்தளத்தில் இருக்கிற ஈக்வாலிட்டி எக்ஸ்ப்ளோரரைத் திறந்து பாருங்கள், இலவசம், திரையில் தராசு வரும், கட்டத்துக்குப் பதிலாக எக்ஸ் போட்டும் பழகலாம். மூத்த பிள்ளைகளுக்கு அதுவே போதும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு மட்டும் கையில் எடுத்து மாட்டுகிற பொருளையே கொடுங்கள்.

எடைகளைப் பெட்டியைத் திறந்ததுமே எண்ணிப் பாருங்கள், தொலைந்தால் தனியாக விற்கிற கடையை நான் இன்னும் பார்க்கவில்லை. என்னுடையவை ஒரு மைலோ டின்னில் இருக்கின்றன, வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளே எண்ணிப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள்.