மின்னல் ட்ரிகர்: சில மாரிகள் பாவித்த பிறகு

இரவில் மட்டும் மின்னலைப் படம் பிடிக்கப் போகிறீர்கள் என்றால், மின்னலைக் கண்டதும் கமராவைத் தானாகத் தட்டும் ட்ரிகருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பின்னேரத்தில் எடுப்பவர்களுக்குத்தான் அது தேவை.

கமராவில் ஃபிளாஷ் பூட்டும் இடத்தில் இதைப் பூட்டி, வயரைக் கொடுத்தால் சரி. மின்னல் வெளிச்சம் பட்டதும் ஷட்டரைத் தட்டிவிடும். வன்னியில் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில்தான் இடி கூட. பொழுதுபட முதல் ஷட்டரை 20 செக்கன் திறந்து வைத்தால் படம் வெளிறிப் போகும். அங்கேதான் ட்ரிகர் உதவுகிறது.

வெளிச்சத்தைக் கண்டபிறகு தட்டினால் மின்னல் போய்விடாதா என்று கேட்பார்கள். நாம் ஒரு மின்னல் என்று காண்பது பெரும்பாலும் ஒரே பாதையில் அடுத்தடுத்து இறங்கும் மூன்று நான்கு வீச்சுகள். அது துடிப்பதுபோலத் தெரிவதும் அதனால்தான். முதல் வீச்சு கமராவைத் தட்ட, பிந்தியவை படத்தில் விழும். ஒற்றை வீச்சோடு அடங்கும் மின்னல் தப்பிவிடும், அதற்கு மருந்தில்லை. ஃபோகஸை மனுவலில் வைக்க வேண்டும், கமராவைத் தூங்கவும் விடக்கூடாது. ட்ரிகரின் உணர்திறனைக் கூட்டினால் ஏ9 வீதியில் போகிற பஸ்ஸின் லைற்றுக்கும் தட்டுகிறது!

இரவுக்கு முக்காலியும் பட்டனை அமத்தியபடியே பூட்டி வைக்கக்கூடிய ரிமோட் வயரும் போதும். ஐஎஸ்ஓ (கமராவின் ஒளி உணர்வு) 100, அப்பேச்சர் (லென்ஸ் திறக்கும் அளவு) எஃப் 8, ஷட்டர் 15 செக்கன், தொடர் படப்பிடிப்பு. மின்னல் எவ்வளவு பளிச்சென்று விழும் என்பது அப்பேச்சரின் கையில். ஷட்டர் நேரத்தைக் கூட்டினால் வானம்தான் வெளிக்கும். முல்லைத்தீவுக் கடலுக்கு மேலே தூரத்தில் வெட்டினால் எஃப் 5.6 வரை திறக்கலாம், கிட்ட என்றால் எஃப் 11க்கு ஒடுக்கலாம். நீண்ட எக்ஸ்போஷருக்கான நொய்ஸ் (படத்தில் விழும் புள்ளிகள்) குறைப்பை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் கமரா அதேயளவு நேரம் காத்து நிற்கும், நல்ல மின்னல் அந்த இடைவெளியில்தான் வெட்டும்.

ட்ரிகரின் உணரி இன்னும் பிழையில்லை. ஆனால் பற்றரி மூடி தளர்ந்து, இப்போது டேப் ஒட்டித்தான் நிற்கிறது. வயர் முனையிலும் பச்சை படிகிறது. மாரி ஈரத்தில் லென்ஸுக்கும் பூஞ்சணம் வரும் என்பதால் எல்லாவற்றையும் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். ஜெல் நிறம் மாறினால், சமையலுக்கு எடுக்காத பழைய தாச்சியில் மெல்லிய சூட்டில் காய்ச்சினால் மீண்டும் பாவிக்கலாம்.

இரணைமடுக் குளக்கட்டில் நின்றால் முழு வானமும் கிடைக்கும், ஆனால் அந்த வெளியில் உயரமாக நிற்பது நீங்களும் முக்காலியும்தான். வெட்டுக்கும் முழக்கத்துக்கும் இடையில் 3 செக்கன் என்றால் ஏறக்குறைய 1 கிலோமீற்றர். 30 செக்கனுக்குள் முழங்கினால் கமராவுக்கு ஒரு பொலித்தீன் பையை மாட்டி, அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போய்விடுங்கள். லென்ஸில் துளி விழுந்தாலும் பரவாயில்லை, கடைசி முழக்கம் கேட்டு அரை மணித்தியாலம் போகும்வரை துடைக்கப் போக வேண்டாம்.