'சி டிரைவ் மட்டும்தான் பார்மேட்' என்று சொன்னால் உஷார்

பழைய கம்ப்யூட்டருக்கு மதர்போர்டும் பிராசஸரும் மட்டும் மாற்றிவிட்டு, ஹார்ட் டிஸ்கை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரையும் ஊரையும் போடவில்லை.

நான் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக் என்று எல்லாமே கோரல்டிராவில். மெஷின் இரண்டாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 7, 500 ஜிபி டிஸ்க். வேகம் போதவில்லை என்று 12ஆம் தலைமுறை ஐ3-யும் எச்610 போர்டும் போடச் சொன்னேன். டிஸ்கில் கை வைக்கக் கூடாது என்றதற்கு, "அண்ணே, சி டிரைவை மட்டும் பார்மேட் அடிச்சு புது விண்டோஸ் போட்டுடுவோம். டி, இ ரெண்டும் அப்படியே இருக்கும்" என்றார் கடைத் தம்பி. பழைய போர்டுகளில் இது உண்மைதான். காலங்காலமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

மெஷின் திரும்பி வந்தபோது டிஸ்கில் ஒரே ஒரு டிரைவ்தான் இருந்தது. போன் செய்தால், "உங்க டிஸ்க் ஏற்கெனவே கரப்ட் ஆகியிருந்துச்சு, பூட்டே ஆகலை" என்றார்கள். கரப்ட் ஆன டிஸ்கிலேயே எப்படிப் புது விண்டோஸ் ஏறி ஓடுகிறது என்று கேட்டதும் போன் முதலாளி கைக்குப் போனது. அவர் சொன்னதும் அதே கதை. பில்லில் 'டேட்டா டிரான்ஸ்பர் ரூ.500' என்று வேறு ஒரு வரி!

உண்மையில் நடந்தது வேறு. விண்டோஸ் 7 காலத்து டிஸ்குகள் பெரும்பாலும் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டவை, லெகசி என்ற பழைய முறையில் பூட் ஆகிறவை (விண்டோஸ் கிளம்புவதுதான் பூட்). இன்டெல்லின் இப்போதைய போர்டுகளில், தனி கிராபிக்ஸ் கார்டு போடாவிட்டால் லெகசி முறையே கிடைக்காது, யூஇஎஃப்ஐ என்ற புது பூட் முறை மட்டும்தான். அதனால் பழைய டிஸ்கை மாட்டினால் பூட் ஆகாது. அது டிஸ்கின் கோளாறு இல்லை, உள்ளே இருக்கும் பைல்கள் அத்தனையும் பத்திரமாகவே இருக்கும். சரி, சி டிரைவில் மட்டும் விண்டோஸை ஏற்றலாம் என்று போனால், இது எம்பிஆர் டிஸ்க், ஜிபிடி என்ற புது முறையில் பிரித்த டிஸ்கில்தான் ஏற்ற முடியும் என்று இன்ஸ்டாலர் மறுத்துவிடும். அந்த இடத்தில் சர்வீஸ் பையன்கள் செய்வது ஒன்றுதான்: இருக்கிற பார்ட்டிஷன் (சி, டி, இ என்று டிஸ்கில் பிரித்த பகுதிகள்) எல்லாவற்றையும் டெலீட் செய்து மொத்த டிஸ்கையும் ஜிபிடி ஆக்குவது. ஆக, இந்த மாதிரி போர்டில் அந்தப் பழைய வாக்குறுதி செல்லாது. அது தெரிந்த நிமிடமே எனக்கு ஒரு போன் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

அடுத்து அவர்கள் செய்ததுதான் இன்னும் மோசம். "ரெக்கவரி போட்டு எடுத்துத் தர்றோம்ணே" என்று மெஷினை வாங்கிப் போய், அதே டிஸ்கில் ரெக்கவரி சாப்ட்வேரை ஏற்றி, மீட்ட பைல்களையும் அதே டிஸ்கிலேயே சேமித்திருக்கிறார்கள். பார்ட்டிஷனை டெலீட் செய்தாலும் குயிக் பார்மேட் அடித்தாலும் ஹார்ட் டிஸ்கில் டேட்டா உடனே அழியாது, மேலே வேறொன்று எழுதப்படும் வரை கிடக்கும். மீட்டதை அங்கேயே எழுதினால், மீட்க மிச்சம் இருப்பது அழியும். டிஸ்கைக் கழற்றி இன்னொரு மெஷினில் மாட்டி, வேறு டிஸ்கில் சேமிப்பதுதான் முறை. கடைசியில் வந்த பைல்களுக்குப் பழைய பெயரும் இல்லை, போல்டரும் இல்லை, வெறும் எண்கள். திறந்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை, ஏனென்றால் நாங்கள் பயன்படுத்தும் பழைய யூனிகோட் அல்லாத பாண்ட்கள் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் போட்டவை) சி டிரைவோடு போய்விட்டன. பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். முடித்த வேலைகள் வெளி டிரைவில் இருக்கின்றன. போனது அந்த முகூர்த்த சீசனில் கையில் இருந்த வேலைகள். கல்யாண வீட்டாரிடம் இந்தக் கதையைச் சொல்ல முடியுமா?

செய்திருக்க வேண்டியது எளிது. சின்னதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி, விண்டோஸை அதில் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட வேண்டும், அப்போது கை தவறக்கூட வழியில்லை. அப்புறம் இரண்டாவது டிஸ்காக மாட்டினால் எல்லா டிரைவும் தெரியும். பழைய யூசர் போல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று வந்தால் பயப்படாதீர்கள், அட்மின் கணக்கில் 'கண்டினியூ' கொடுத்தால் பெரும்பாலும் திறந்துவிடும்.

உங்கள் டிஸ்கில் இருப்பது விண்டோஸ் 10 என்றால் அதையே பூட் ஆக வைக்கவும் வாய்ப்பு உண்டு. எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி 2017-இல் வந்த 1703 பதிப்பிலிருந்து விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. டேட்டாவை அழிக்காமல் எம்பிஆர் டிஸ்கை ஜிபிடி ஆக மாற்றும், ஆனாலும் நகல் எடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் போர்டு மாற்றும் முன்பே அதன் 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதுப் போர்டில் பெரும்பாலும் கேட்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், முடியாது என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். "தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் செல்லாது" என்று முதலாளி மிரட்டிப் பார்த்தார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவரும் நுகர்வோர்தான் என்று 2019 சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. அவரே எழுதிக் கொடுத்த 'டேட்டா டிரான்ஸ்பர்' பில்லின் நகலையும் புகாரோடு சேர்த்திருக்கிறேன்.