பாலிசி தேதிய மாத்திக் குடுத்த ஏஜென்ட், வண்டி வெச்சிருக்கறவங்க படிங்க

எங்க மாமா அவிநாசில குட்டியானை ஓட்டறாருங்க, சாயப்பட்டறைல துணி ரோல் ஏத்தி திருப்பூர் கட்டிங் யூனிட்ல எறக்கற பொழப்பு. வண்டி இன்சூரன்ஸ் அக்டோபர் 10 ராத்திரியோட முடியுதுன்னு 7ஆம் தேதியே ஏஜென்ட் நம்பருக்கு ஜிபேல ஃபுல் கவருக்கு உண்டான பணம் பூராவும் போட்டுட்டாரு. உள்ளூர்ப் பையன், வருசா வருசம் அவன்தான் போட்டுக் குடுக்கறது. "பாலிசி வந்துருமுங் மாமா, நீங்க லோடு அடிங்க"ன்னுட்டான்.

16ஆம் தேதி பெருமாநல்லூர் பக்கம் ஒரு பைக் மேல மோதி, பைக்ல வந்தவருக்கு கால் ஒடஞ்சுபோச்சுங்க. அவர ஆஸ்பத்திரில சேத்துப்போட்டு மாமா ஏஜென்ட்டுக்கு போன் பண்ணுனாரு, சாயங்காலமே வாட்ஸ்அப்ல பிடிஎஃப் வந்துருச்சு, பேக்கேஜ் பாலிசி, அதாவது நம்ம வண்டி சேதத்துக்கும் சேத்து ஃபுல் கவர், அக்டோபர் 11ல இருந்துன்னு. அத வெச்சுத்தான் க்ளெய்ம் போட்டோம்.

கம்பெனி என்ன சொன்னாங்கன்னா, பாலிசியே 17ஆம் தேதில இருந்துதானாம், அதுவும் வெறும் தேர்டு பார்ட்டி, அதாவது அடுத்தவங்களுக்கு ஆன சேதத்துக்கு மட்டும். அப்பறம் பிடிஎஃப்ப பெருசாக்கிப் பாத்தா மொத பக்கத்துல அந்த 11 மட்டும் பக்கத்துல இருக்கற எழுத்த விட தடிமனா இருக்கு. ரெண்டாம் பக்கத்துல கீழ பொடி எழுத்துல பிரீமியம் கட்டுன ரசீது தேதி 16ன்னு அப்படியே கெடக்குது, அத மாத்தாம விட்டுட்டான். க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணா 17ன்னு வருது.

பணத்த வாங்கி சொந்தத்துக்கு சுத்த விட்டுட்டு, ஆக்சிடென்ட்ன்னு கேட்டதும் ஓடிப்போய் கட்டியிருக்கான். பாலிசி முடிஞ்ச வண்டிக்கு ஃபுல் கவர் போடணும்னா கம்பெனி வண்டியப் பாக்கணும், இல்லன்னா போட்டோ கேப்பாங்க, முன்னாடி நசுங்குன வண்டிய எப்படிக் காட்டுவான், அதனால தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்துப்போட்டு மீதிப் பணத்தையும் முழுங்கிட்டான்.

1938 இன்சூரன்ஸ் சட்டத்துல 64விபின்னு ஒரு பிரிவு இருக்குதுங்க. பிரீமியம் முன்கூட்டி கட்டாம கம்பெனி ரிஸ்க் எடுக்கக்கூடாது, ஏஜென்ட் வசூல் பண்ணுன பணத்த பேங்க் லீவு போக 24 மணி நேரத்துல முழுசா கட்டிப்போடணும். ஆயுள் காப்பீட்டுல வயசக் கொறைக்க டேட் பேக் பண்றது, அதாவது பழைய தேதில இருந்து பாலிசி போடறது வேற, அது கம்பெனியே முறைப்படி செய்யறது. அதுலயும் பழைய தேதில நடந்ததுக்கு பணம் கெடைக்காது. வண்டி பாலிசிக்கு பழைய தேதி போட்டுத் தர்றேன்னு எவனாவது சொன்னா அது ஃபோர்ஜரிங்க, வேற பேரே கெடையாது.

இப்ப அடிபட்டவர் வீட்ல எம்சிஓபி கேஸ், அதாவது வாகன விபத்து நஷ்டஈடு கேஸ் போட்டிருக்காங்க, அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, கால் ஒடஞ்சு வேலைக்குப் போக முடியாம கெடக்கறாரு. அன்னைக்குத் தேதிக்கு பாலிசி இல்லைன்னு ஆயிருச்சுன்னா நஷ்டஈடு பூராவும் மாமா தலைலதான். வண்டி லோன் வேற ஓடுது, அத்தை நகைய அடமானம் வைக்கலாமான்னு கேக்கறாங்க, கேக்கவே வயிறு எரியுதுங்க.

7ஆம் தேதி ஜிபே ஸ்க்ரீன்ஷாட், ஏஜென்ட் அனுப்புன பிடிஎஃப், வாட்ஸ்அப் வாய்ஸ் எல்லாத்தையும் வக்கீல்கிட்ட குடுத்திருக்கோம். போலீஸ்ல மோசடி, போலி ஆவணம்னு புகார் ஆச்சு, இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கற ஐஆர்டிஏஐயோட பீமா பரோசாங்கற புகார் வெப்சைட்லயும் பதிஞ்சாச்சு. போன்லன்னா 155255. பையனோட அப்பா வந்து பிரீமியத்த மட்டும் திருப்பித் தர்றோம், புகார வாபஸ் வாங்கிருங்கன்னாரு, மாமா முடியாதுன்னுட்டாரு.

அவிநாசி, பெருமாநல்லூர், சேவூர் பக்கம் ஏஜென்ட்டோட சொந்த நம்பருக்கு பணம் போட்டவங்க, அரசாங்கத்தோட எம்பரிவாஹன் ஆப்ல உங்க வண்டி நம்பரப் போட்டு இன்சூரன்ஸ் எது வரைக்கும்னு இப்பவே பாருங்க, ரெண்டாம் பக்கத்து ரசீது தேதியையும் பாருங்க. இதே மாதிரி மாட்டுனவங்க இருந்தா எங்களுக்குச் சொல்லுங்க, சேந்து ஒரே புகாரா குடுத்தர்லாம்.