சாலிட்வொர்க்ஸ் 'மாஸ் பிராப்பர்டீஸ்': ஒரு மதிப்பீடு

இயந்திர பாகங்களை வடிவமைப்பவர்களுக்குச் சாலிட்வொர்க்ஸ் என்னும் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளின் 'மாஸ் பிராப்பர்டீஸ்' கருவி அன்றாடம் தேவைப்படுவது. நிறை, கன அளவு, நிறை மையம், நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாற்றத்தை ஒரு பொருள் எவ்வளவு எதிர்க்கும் என்பதன் அளவு) என அனைத்தையும் ஒரே சாளரத்தில் கணித்துத் தருகிறது. கணக்கை நம்பலாம், ஆனால் எண்களை அது காட்டும் விதத்தை அமைத்துக்கொள்ளாமல் நம்பக் கூடாது என்பதே என் கருத்து.

100 × 50 × 10 மி.மீ. அளவுள்ள எஃகுத் தகடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோகிராம் என்றால் தகட்டின் நிறை 392.5 கிராம். அலகு மி.மீ., கிராம் என்றும், தசமம் இரண்டு இடம் என்றும் இருக்கும்போது நிறை சரியாகவே தெரியும். ஆனால் கன மி.மீ.க்கு 0.00785 கிராம் என்ற அடர்த்தி 0.01 ஆகிவிடும். அலுமினியத்தின் 0.0027 வெறும் 0.00 ஆகும். பொருளைக் குறிப்பிடவே மறந்திருந்தால் மென்பொருள் நீரின் அடர்த்தியான கன மீட்டருக்கு 1000 கிலோகிராமை எடுத்துக்கொண்டு நிறையை 50 கிராம் என்று சொல்லும்; அப்போதும் அடர்த்தி வரியில் 0.00 தான். மறதியைக் காட்டிக்கொடுக்க வேண்டிய வரியே மௌனமாகிவிடுகிறது என்பதால், இதை நான் சிறு குறையாகக் கருதவில்லை.

தீர்வு அதே சாளரத்தின் 'ஆப்ஷன்ஸ்' பொத்தானில் இருக்கிறது. அங்கே அறிவியல் குறியீட்டைத் தேர்ந்தெடுத்தால் எஃகின் அடர்த்தி 7.85, அதன் பின் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்து, பின் -03 என வரும், 7.85-ஐ 10-இன் மைனஸ் 3-ஆம் அடுக்கால் பெருக்க வேண்டும் என்பது அதன் பொருள். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் நிலைமத் திருப்புத்திறன். மேற்கண்ட தகட்டின் அகன்ற பரப்புக்குச் செங்குத்தாக நிறை மையத்தின் வழியே செல்லும் அச்சில் அது 4.09, அடுக்கு +05, அலகு கிராம் சதுர மி.மீ. அதையே கிலோகிராம், மீட்டருக்கு மாற்றினால் அடுக்கு -04 ஆகிவிடும். ஒரு கிலோகிராம் சதுர மீட்டர் என்பது நூறு கோடி கிராம் சதுர மி.மீ. ஆகையால் இரண்டும் ஒன்றே. மோட்டார் தேர்வுக்கு இந்த எண்ணை அனுப்பும்போது அலகையும் சேர்த்தே எழுதுங்கள்.

வெளியில் வாங்கும் பாகங்களுக்கு நிறையைக் கையால் இடும் 'ஓவர்ரைட்' வசதி மிகவும் பயனுள்ளது. ஆனால் விவரப் பட்டியலில் கிலோகிராமில் உள்ளதைக் கிராம் கட்டத்தில் அப்படியே இட்டால், பாகங்கள் சேர்ந்த முழு அசெம்பிளியின் நிறை மையமும் இடம் மாறிவிடும்.