பீடிங்கைக் கழற்றி மூன்று வருடம்

2014-இல் ஸ்விஃப்ட் வாங்கும்போதே நான்கு கதவிலும் குரோம் கோடு போட்ட சைடு பீடிங்கை, அதாவது கதவில் உரசல் படாமலிருக்க நீளவாக்கில் ஒட்டும் பட்டையை, ஒட்டித்தான் கொடுத்தார்கள். நான் கேட்டு வாங்கவில்லை. பில்லில் மேட், மட்ஃப்ளாப்போடு சேர்ந்து அதுவும் ஒரு வரியில் வந்துவிட்டது. எட்டு வருடம் ஒழுங்காகத்தான் இருந்தது. 2022 மே மாதம் வாலாஜா டோல் தாண்டி வந்துகொண்டிருந்தேன், இடதுபக்கம் 'படபட'வென்று சத்தம். டயர் போச்சு என்று ஓரம் கட்டிப் பார்த்தால், முன்கதவு பீடிங் ஒரு முனையில் விட்டுப்போய்க் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து பேப்பர் கடை டபுள் சைடு டேப்பால் ஒட்டினேன். வேலூர் வெயிலுக்கு அது இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. சரி, நான்கையும் எடுத்தே விடுவோம் என்று இறங்கினேன்.

முதலில் போனது சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு டிங்கர் கடைக்கு. "ஸ்க்ரூ டிரைவர் வெச்சு ஒரு நெம்பு, தின்னர் போட்டு ஒரு தேய்ப்பு. இன்னா சார் இருக்குது இதுல?" என்றார். அவர் நெம்பிப் பழகியவர், காசும் குறைவாகத்தான் கேட்டார். ஆனால் தின்னர் என்றதும் காரை வீட்டுக்கே ஓட்டிவந்துவிட்டேன். கம்பெனி பெயிண்டையே அது மங்கடித்துவிடும். கடையில் அடித்த பெயிண்ட் என்றால் துணியோடு வந்துவிடும்.

பீடிங்கைக் கதவோடு ஒட்டிவைத்திருக்கும் ஃபோம் டேப்பின் குணத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வெடுக்கென்று இழுத்தால் விடாது, மெதுவாக ஒரே சீராக இழுத்தால் நீண்டு நீண்டு விடும். சூடு பட்டால் இன்னும் இளகும். பலாப்பழம் அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோமே, அந்தப் பால் மாதிரிதான். அதனால் பீடிங்கை இழுக்கவே கூடாது. அதற்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் ஃபோமைத்தான் அறுக்க வேண்டும்.

லாங் பஜாரில் தூண்டில் நரம்பு ஒரு சுருள் வாங்கினேன். காலை பதினோரு மணிக்கு வண்டியை வெயிலில் விட்டேன். மே மாதம் எங்கள் ஊரில் இதற்கு ஹீட் கன் எதுவும் தேவையில்லை. பெயிண்ட் கொப்பளிக்கும் அளவுக்குச் சூடு தரும் கருவி அது, பழக்கமில்லாத கையில் இருக்கவே கூடாது. நிழல் விழுந்த பக்கத்துக்கு மட்டும் மனைவியின் ஹேர் டிரையரைக் கேட்டேன். "தலை காயவெக்க நேரமில்ல, காருக்குக் காயவெக்கிறீங்களா?" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தாள். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டினேன். தகட்டில் உள்ளங்கையை வைத்தால் சூடு தெரிய வேண்டும், கையை வெடுக்கென்று எடுக்கும்படி இருக்கக் கூடாது. அதுதான் அளவு.

நரம்பின் இரண்டு முனையையும் குச்சியில் சுற்றிக்கொண்டு, தகட்டை ஒட்டினாற்போல் ரம்பம் இழுப்பதுபோல் இழுத்தேன். ஒரு கதவுக்குப் பத்து நிமிடம்தான். ஆனால் முதல் கதவில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பீடிங்கின் கீழ் விளிம்பில் எட்டு வருடத்து மண் உட்கார்ந்திருந்தது. அதைக் கழுவாமலே நரம்பை விட்டேன். அது மணலையும் சேர்த்து இழுத்ததில் முடி போல இரண்டு கீறல். மற்ற மூன்று கதவுகளைச் சோப்புத் தண்ணீரும் பழைய டூத்பிரஷும் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட்டேன்.

பீடிங் போன பிறகு நிற்கும் பிசின்தான் உண்மையான வேலை. வெயிலில் செய்தால் போடுகிற எண்ணெய் உடனே காய்ந்துவிடும். வண்டியை நிழலுக்குத் தள்ளி, தகடு ஆறிய பிறகு ஆரம்பித்தேன். முடிந்தவரை கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுத்தேன். மிச்சத்துக்கு வீட்டிலிருந்த நீலகிரித் தைலம். துணியில் தொட்டு ஒரு நிமிடம் வைத்தால் பிசின் கூழாகிவிடும். அதை அப்படியே ஊறவிடாமல் துடைத்து, ஷாம்பூவால் கழுவிவிட வேண்டும். ஒரு கதவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. தெருவே தைல வாசனை. எதிர்வீட்டுப் பெரியவர் வந்து யாருக்குச் சளி என்று கேட்டார்.

இடது பின்கதவில்தான் அடி வாங்கினேன். 2019-இல் காட்பாடி மேம்பாலத்தில் ஒரு ஆட்டோ உரசி, அந்தக் கதவின் பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்பிப் பெயிண்ட் அடித்திருந்தது. அடித்த மறுநாளே பழைய பீடிங்கைப் புது டேப்பில் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். நான் அதை மறந்தே போய்விட்டேன். நரம்பு பாதி தூரம் போனதும் 'சர்க்' என்று ஒரு சத்தம், கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிவப்புப் பெயிண்ட் ஃபோமோடு பெயர்ந்து வந்தது. அடியில் சாம்பல் நிறப் பட்டி, ஓரத்தில் ஒரு மின்னல் போலத் தகடு. கதவில் பட்டி இருக்கிறதா என்று ஃபிரிட்ஜ் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி முன்கூட்டியே வைத்துப் பார்த்திருக்கலாம். கனமான பட்டி மேல் காந்தம் சரியாக ஒட்டாது. தெரிந்திருந்தால் அந்தக் கதவைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. சிவப்பு வண்டி என்பதால் பீடிங் இருந்த இடம் மட்டும் குங்குமம் போல, சுற்றிலும் வெளுத்த மிளகாய்த்தூள் போல இருந்தது. ரப்பிங் காம்பவுண்டும் பாலிஷும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டதில் இப்போது நேரே பார்த்தால் தெரியாது. காலை ஏழு மணி சாய்வெயிலில் மட்டும் ஒரு பட்டை தெரியும். போகாதது இன்னொன்று: பீடிங்கின் மேல் விளிம்பில் எங்கள் போர்வெல் தண்ணீர் தேங்கித் தேங்கி இட்ட வெள்ளைக் கோடு. அது பெயிண்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற பளபளப்புப் பூச்சைத் தின்றுவிட்டது. பாலிஷில் மங்கியது, அழியவில்லை. உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள் பீடிங் இருக்கும்போதே அந்த விளிம்பைத் துடைத்து வைப்பது நல்லது.

அப்புறம், பீடிங் வேண்டாத பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. போன வருடம் ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் பக்கத்துக் கார் கதவு திறந்து பட்டதில் ஒரு சொட்டை விழுந்தது. பட்ட இடம் பழைய பீடிங்குக்கு நான்கு விரல் மேலே. இருந்திருந்தாலும் தடுத்திருக்காது என்று நான் சொல்கிறேன், மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

நகம் அளவு பெயர்ந்த இடத்தில் அடிப்பூச்சான பிரைமர் இல்லாமல் டச்-அப் பெயிண்ட் மட்டும் தடவி வைத்தேன். முதல் ஐப்பசி மழை தாங்கியது. இரண்டாவது மழைக்குப் பிறகு ஓரத்தில் பழுப்பாக ஒரு புள்ளி எட்டிப் பார்த்தது, இப்போது மிளகு அளவு. இந்த மழைக்கு முன்னால் அந்தக் கதவை மட்டும் டிங்கரிங் விட வேண்டும். அதே சத்துவாச்சாரிக் கடைக்காரரிடம்தான் கேட்டிருக்கிறேன்.