செடி வைத்த மீன்தொட்டிக்கு எந்த விளக்கு?

செங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருப்பது 2 அடி நீளமும் ஏறத்தாழ 60 லிட்டர் கொள்ளளவும் உள்ள நன்னீர்த் தொட்டி. அதற்கு ஜன்னல் வெயில், பழைய டியூப்லைட், டியூப்லைட் வடிவிலேயே வரும் வீட்டு எல்.இ.டி. பேட்டன், மீன்தொட்டிக்கென்றே விற்கும் பல வண்ண எல்.இ.டி. ஆகிய நான்கையும் வைத்துப் பார்த்துவிட்டேன். உண்மையான போட்டி பின்னிரண்டுக்கும் இடையில்தான்.

வெயிலை நம்ப இந்த ஊர் இடம் தராது. பங்குனி, சித்திரையில் மேற்கு ஜன்னல் வழியாக விழும் பிற்பகல் வெயில் தண்ணீரைச் சூடாக்கிப் பச்சையாக்கிவிடுகிறது. ஆனி, ஆடியில் சாரல் தொடங்கிவிட்டால் நாள்கணக்கில் வெளிச்சமே வருவதில்லை. டியூப்லைட் ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்தலாம், புதிதாக வாங்க வேண்டியதில்லை. அதன் ஒளியில் பெரும்பங்கு மேலும் பக்கவாட்டிலும் சிதறுவதோடு, உட்பூச்சு மங்கிக்கொண்டே போவது நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே செடிகளுக்குத் தெரிந்துவிடுகிறது.

6500 கெல்வின் வெள்ளை ஒளி தரும் 2 அடி, 10 வாட் பேட்டனின் அட்டையில் பெரும்பாலும் 1000 லூமென் என்று அச்சிட்டிருக்கும். எங்கள் தொட்டிக்கு ஒன்று மாட்டினால் லிட்டருக்குச் சுமார் 17 லூமென் கிடைக்கும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் ஆகிய செடிகளுக்கு அது போதும். இரண்டு மாட்டினால் வாலிஸ்னேரியாவும் ஹைக்ரோஃபிலாவும் நன்றாகவே வளர்கின்றன. ஈரம் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல என்பதுதான் இதன் பெரிய குறை. ஆகவே கண்ணாடி மூடிக்கு மேலேதான் பொருத்த வேண்டும். வயரில் வழியும் நீர் பிளக்கை எட்டாதபடி, வயரைப் பிளக்குக்குக் கீழே வளைத்துத் தொங்கவிட வேண்டும்.

வண்ண எல்.இ.டி.யை லூமென் கணக்கில் இதனோடு ஒப்பிடுவது தவறு. லூமென் மனிதக் கண்ணின் அளவுகோல். கண்ணுக்குப் பச்சை ஒளி மிகுதியாகத் தெரியும், பச்சையமோ சிவப்பையும் நீலத்தையுமே அதிகம் உறிஞ்சுகிறது. செடி பயன்படுத்தும் ஒளியின் அளவைக் குறிக்கும் பார் (PAR) மதிப்பை அட்டையில் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குவதே சரி. இந்த விளக்கில் சிவப்புச் செடிகள் பழுப்படித்துத் தெரியாமல் சிவப்பாகவே தெரிகின்றன, வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. ஆனால் விலை பேட்டனைப் போலப் பல மடங்கு.

கடைக்காரர் சொன்னார் என்று நான் வாங்கி வந்த வண்ண விளக்கு வலுவானது. அதை நாளுக்கு 10 மணி நேரம் எரியவிட்டேன். சில வாரங்களில் அனுபியாஸ் இலையெல்லாம் பாசி பிடித்துவிட்டது. மெதுவாக வளரும் செடியால் அவ்வளவு ஒளியைச் செலவிட முடியாது, கார்பன் டை ஆக்சைடும் போதாது; மிஞ்சியதைப் பாசி எடுத்துக்கொண்டது. நம் மலை ஓடைக்கரைகளில் மரநிழலில் வளரும் லாஜெனாண்ட்ராவும் அப்படிப்பட்ட செடிதான். அவற்றுக்கு ஒற்றைப் பேட்டனும், அதை 7 மணி நேரத்தில் அணைத்துவிடும் டைமரும் போதும் என்பதே என் முடிவு.

அதே மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ரோட்டாலா மக்ராண்ட்ராவைச் செக்கச்செவேல் என்று வளர்க்க ஆசைப்படுபவர் வண்ண விளக்கையே வாங்கட்டும்; அதோடு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கும் உரத்துக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கி வைத்துக்கொள்ளட்டும்.