பட்டறையில் சொல்லிச் செய்த விறகு ரம்பம்: எட்டு மாதம் ஓட்டிய பின்

விருதுநகர் மாவட்டத்தில் திருமணச் சமையல் எடுத்துச் செய்யும் எங்களுக்கு விறகு என்றால் சீமைக் கருவேல்தான். காய்ந்த பிறகு கோடாரிக்கு எளிதில் இடம் கொடுக்காத அந்தக் கட்டைகளை ஒன்றரை அடித் துண்டுகளாக்க, ஒரு டிராக்டர் லோடுக்கு இரண்டு ஆட்களுக்கு இரண்டு நாள் பிடிக்கும். ஆகவே பக்கத்து ஊர் வெல்டிங் பட்டறை ஒன்றில் அளவு கொடுத்து, மோட்டாரில் ஓடும் வட்ட ரம்பம் ஒன்றைச் செய்து வாங்கினோம். இப்போது அதே லோடு அரை நாளில் முடிகிறது.

3 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார், 16 அங்குல கார்பைடு பல் பிளேடு, ஆங்கிள் சட்டம், கூலி எல்லாம் சேர்த்து 36,000 ரூபாய் ஆயிற்று. நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டாரில் 4 அங்குலப் புல்லியும், ரம்பத் தண்டில் 3 அங்குலப் புல்லியும் இருப்பதால் பிளேடு ஏறத்தாழ 1,900 சுற்று ஓடுகிறது. பிளேடின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தை இது தாண்டக் கூடாது. 10,000 சுற்றுக்கு மேல் ஓடும் கை கிரைண்டரில் மரம் அறுக்கும் பிளேடைப் பூட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இந்த இயந்திரத்தில் நான் மனமாரப் பாராட்டுவது தொட்டிலை. உருண்டைக் கட்டையைத் தட்டையான மேடையில் வைத்துக் கையால் தள்ளினால், பல் கவ்விய நொடியில் கட்டை உருண்டு கையையும் சேர்த்து இழுத்துவிடும். அதற்காகவே, கட்டை உட்காரும்படி ‘V’ வடிவில் பற்கள் வைத்த தொட்டில் ஒன்றைக் கீழே கீல் போட்டு நிறுத்தச் சொன்னேன். கட்டையை அதில் வைத்து, பிளேடிலிருந்து இரண்டடி தள்ளியுள்ள கைப்பிடியைத் தள்ளினால் தொட்டிலே கட்டையை ரம்பத்திடம் கொண்டுபோகிறது. விட்டதும் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. அறுபடும் துண்டு தொட்டிலுக்கு வெளியே தொங்கியபடி இருப்பதால் வெட்டுவாய் விரிந்தே இருக்கும், பிளேடு இறுகாது.

ஆனால் பட்டறையில் செய்த ஒரு தவறு எங்களுக்குப் பெரும் துயரத்தைக் கொடுத்திருக்கும். பம்ப் செட்டுக்குப் பூட்டிப் பழகிய கை என்பதால், மின்சாரம் வந்ததும் தானாக ஓடும் ஆட்டோ ஸ்டார்ட்டரையே இதற்கும் பூட்டிவிட்டார்கள். இரண்டாவது வாரம், கவட்டைக் கட்டை ஒன்று பாதி அறுபட்ட நிலையில் மின்சாரம் நின்றது. என் தம்பி அதை உருவி எடுத்துவிட்டு நிமிர்ந்தான்; அந்த நேரத்தில் யாரும் தொடாமலே ரம்பம் சீறிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. அன்றே இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரம் போனால் தானே விடுபட்டு, பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தும்வரை ஓடாத, ‘நோ-வோல்ட் காயில்’ என்ற மின்சுருள் உள்ள சாதாரண டி.ஓ.எல். (டைரக்ட் ஆன்லைன்) ஸ்டார்ட்டரை அதற்குப் பதிலாகப் பூட்டச் சொன்னோம். பட்டறைக்காரர் மறுபேச்சில்லாமல் கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்தார். அந்த நேர்மையை மதிக்கிறேன். இருந்தாலும் கேட்காமலே செய்திருக்க வேண்டிய வேலை அது. சிக்கிய கட்டையை எடுக்கும் முன் மெயினையும் அணைக்க வேண்டும் என்பதை இப்போது வேலையாட்கள் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்.

பெல்ட்டுக்கும் மேடைக்குக் கீழுள்ள பாதி பிளேடுக்கும் மூடி இல்லாமல் வந்ததும் குறைதான். தகரம் அடித்து நாங்களே மூடினோம். வேட்டி, துண்டு, கையுறை ஆகியவற்றோடு யாரும் அருகில் நிற்பதில்லை. வேலி ஓரத்து மரங்களில் முள்கம்பியும் ஆணியும் புதைந்திருப்பதால், தொட்டிலில் ஏற்றும் முன் ஒவ்வொரு கட்டையையும் திருப்பிப் பார்க்கிறோம். அப்படியும் ஒருமுறை ஆணியில் பட்டு இரண்டு கார்பைடு பற்கள் பெயர்ந்துவிட்டன. அவற்றில் ஒன்று மூடித் தகரத்தில் பதித்த பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது.